பிளாஸ்ரிக் மலர்வளையம்

பரமட்டாவில் நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில் டோரத்தி எண்டொரு கனடாக்காரி இருக்கிறா. தொண்ணூறு வயது தாண்டியிட்டுது. அவவின்ர அண்ணன் கனடியக் கடற்படையில் இருந்தவர். உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கி அடிச்சதில, கப்பலோட அத்தனை பேரும் அத்திலாந்திக் கடலில் தாண்டு போச்சினம். உடம்பும் கிடைக்கேல்லை, கல்லறையும் இல்லை.

நேற்று, உலகப் போரில் செத்த படையினருக்கான நவம்பர் நினைவுநாள். எங்கட மனேஜர் தாட்சாயினி அக்கா அந்த அண்ணன்ர படத்துக்கு முன்னால டோரத்தியைக் கொண்டு மலர்வளையம் வைப்பிச்சா. எல்லாரும் எழும்பி நிண்டு மௌனம் காத்தம். அதைப் படம் பிடிச்சு முகநூலிலயும் போட்டாச்சு.

தேத்தண்ணி முடிஞ்ச கையோட அக்கா என்னைக் கூப்பிட்டா.

"அந்த வளையத்தைத் துடைச்சுப் பெட்டிக்குள்ள வையும். பிளாஸ்ரிக்தானே, அடுத்த வருசத்துக்கும் உதவும்."

டோரத்தி அதைத் திரும்ப எடுத்து மடியில் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அக்கா, உங்கட அப்பான்ர திவசத்துக்குப் போட்ட மாலையையும் கழுவி எடுத்து வைக்கிறனீங்களோ?"

"அதுவும் இதுவும் ஒண்டே? வெள்ளைக்காரர் இதுகளைப் பாக்கிறேல்லை."

"அப்ப நீங்களே போய் அவவின்ர கையால வாங்குங்கோ. நான் செத்தாலும் செய்யமாட்டன்."

அக்கா போனா. குனிஞ்சு, சிரிச்சு, இங்கிலீசில் இனிமையாக் கேட்டா.

டோரத்தி நிமிர்ந்து பார்த்தா.

"கடல் என்ர அண்ணனைத் திருப்பித் தரட்டும். நான் இதைத் தாறன்."