உப்பில்லாத வியர்வை

பெரியவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்ற செய்தி மிளகாய் மண்டித் தெருவுக்கு வந்தபோது முதலில் முகம் வாடியது, அவருக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்குத்தான். இருபது வருஷமாக அவரிடம் தோற்றுத் தோற்றுப் பழகியவர்கள். இனி வேறொருவனிடம் புதிதாகத் தோற்கப் பழக வேண்டுமே என்ற சோர்வு.

அவர்கள் தோற்ற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். காய்ந்த மிளகாய் மூட்டைகளின் மேல் லாரியில் ஏற்றும்போது நாலு குடம் தண்ணீர் தெளிப்பார்கள். எடை ஏறும். மற்ற மண்டிக்காரர்கள் ஈரத்தைக் கண்டதும் வாசலிலேயே கத்துவார்கள். லாரி அடுத்த கடைக்குப் போய்விடும். பெரியவர் கத்த மாட்டார். சிரித்த முகமாக எல்லா மூட்டையையும் இறக்கவிடுவார். லாரி போன பிறகு, சரக்கு அனுப்பியவனோடு தெருவில் நாலு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, நடு மூட்டையைப் பிரித்து, ஒரு மிளகாயை எடுத்து முறிப்பார். காய்ந்தது படக்கென்று உடையும், நனைந்தது துவண்டு வளையும். வளைந்த மிளகாயை அனுப்பியவன் மூக்குக்கு நேரே ஆட்டுவார். திரும்ப ஏற்ற லாரி இல்லை, மறுத்துப் பேச வாயும் இல்லை. அப்புறம் அவர் சொன்னதுதான் விலை.

சரக்கு இறங்குகிற வரை மூச்சு விடக் கூடாது. அவருடைய வித்தை மொத்தமும் அவ்வளவுதான்.

ஈரல் டாக்டர் ஒரு பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசினார். உயிரோடு இருக்கும் ஒருவர் தன் ஈரலில் பாதியை வெட்டிக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும், ரத்த வகை பொருந்த வேண்டும் என்றார். பெரியவரின் மனைவிக்குப் பொருந்தவில்லை. பிள்ளைகள் இல்லை. பொருந்தியது ஒரே ஒரு ஆளுக்கு. அவருடைய தம்பி.

தம்பியைத் தெருவில் சின்னவர் என்பார்கள். வயது நாற்பத்தாறு. இருபது வருஷமாக மண்டியின் பின்கட்டில் தராசுப் பக்கம் நிற்கிறார். முன்னால், தெருவைப் பார்த்தாற்போல் பெரியவர் உட்காரும் கைவைத்த நாற்காலியை அவர் பார்க்கும் பார்வையை, பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது அந்த நாற்காலிக்காரருக்கே தன் வயிற்றிலிருந்து ஒரு துண்டு வேண்டும் என்றதும், ஒரு வாரம் சின்னவர் நடந்த நடை வேறு. அண்ணனுக்குத் தராமல் யாருக்குத் தரப்போகிறேன் என்றார். தந்த பிறகு பின்கட்டில் நின்று மூட்டை தூக்க உடம்பு தாங்காதே, உட்கார்ந்து செய்கிற வேலைதான் செய்ய முடியும் என்றும், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். எந்த இடத்தில் உட்கார்ந்து என்று பெரியவர் கேட்கவில்லை. கேட்டால் விலை வெளியே வந்துவிடும்.

ஆனால் சின்னவரின் ஈரலைப் படம் எடுத்துப் பார்த்தபோது அதில் நூற்றுக்கு இருபத்தெட்டு பங்கு கொழுப்பு. பத்துக்குக் கீழே வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்றார் டாக்டர். பன்னிரண்டு வாரம் தருகிறேன். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓட வேண்டும், சாப்பாட்டைப் பாதியாக்க வேண்டும், எண்ணெயில் பொரித்தது, இனிப்பு இரண்டும் வாசல்படி தாண்டக் கூடாது. பெரியவர் தன் வழக்கப்படி, பத்தைப் பதினைந்தாக்கினால் எட்டு வாரத்தில் முடிக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். டாக்டர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மண்டிக்கு மேல்மாடியில், பலகைத் தரையின் மேல், ஒரு ட்ரெட்மில் வந்து இறங்கியது. சின்னவருக்குக் கான்வாஸ் ஷூவும் வாங்கினார்கள். காலை ஏழு மணிக்கு மிஷின் உறுமும், தொம் தொம் என்று தரை அதிரும். பலகை இடுக்குகளில் வருஷக்கணக்காக அடைந்திருந்த மிளகாய்த் தூள், கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தலையில் உதிரும். வந்த வியாபாரிகள் தும்முவார்கள். ஒவ்வொரு தும்மலும் தனக்கு ஒரு நாள் ஆயுசு என்று பெரியவர் சந்தோஷப்பட்டார். முதல் வாரம் சின்னவர் நிஜமாகவே ஓடினார். ஓடி முடித்து, ஈரச் சட்டையோடு கீழே வந்து, சாக்கு எடை போடும் பெரிய தராசில் எல்லோர் முன்னாலும் ஏறி நிற்பார். ஓடும் முன்னைவிட முக்கால் கிலோ குறைந்திருக்கும். பெரியவரின் மனைவி, சின்னவருக்கு அண்ணி, கையெடுத்துக் கும்பிடுவாள். பெரியவர் கும்பிடவில்லை. வெயிலில் போட்ட மூட்டையும்தான் எடை குறையும், உள்ளே இருக்கிற சரக்கு அப்படியேதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா.

மூன்றாவது வாரத்திலிருந்து சின்னவர் படிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் படிக்காத படிப்பு. கைபேசியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். கார்டியோ என்கிற இந்த ஓட்டத்தால் கொழுப்பு கரையாதாமே, ஓடினால் பசிதான் அதிகமாகுமாமே, ஒரு மணி நேரம் ஓடிக் கரைப்பதை ஒரு ரொட்டி திரும்பக் கொண்டுவந்துவிடுமாமே. வெளிநாட்டு நிபுணர் ஒருவர், கொழுப்பு என்பது அவரவர் உடம்பு வாகு என்று சொல்லிவிட்டாராம். அவர் பேசுவதைக் கேட்டால், ஓடுவதே ஈரலுக்குக் கெடுதலோ என்று சந்தேகம் வரும். சரக்கு வருவதற்கு முன்பே, சரக்கு ஏன் மட்டமாக இருக்கும் என்று ஒருவன் விளக்க ஆரம்பித்தால் பெரியவர் காது விடைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில், கடையில் யாரும் தும்மவில்லை என்பதை அவர் கவனித்தார். மேலே மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. தொம் தொம் இல்லை. தலையைத் தடவிப் பார்த்தார், தூள் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சின்னவர் முதுகெல்லாம் நனைந்து, நாய்போல் மூச்சிரைத்து இறங்கி வந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

பெரியவர் எழுந்து போய் அந்தச் சட்டையின் கழுத்துப் பட்டையை எடுத்து நாக்கில் வைத்தார்.

உப்பே இல்லை. பச்சைத் தண்ணீர்.

துணி எடுக்க வந்த அண்ணி இதைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நீயும் நக்கிப் பார் என்று நீட்டினார். அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும், டாக்டரிடம் சொல்லலாம், இப்போதே சொல்லலாம் என்று கைபேசியை எடுத்தாள். அவர் அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சும்மா இரு. சரக்கு இன்னும் இறங்கல."

அவர் கணக்கு இதுதான். இப்போது கேட்டால் தம்பி ரோஷப்படுவான். என்னை நம்பாதவருக்கு நான் எதற்கு வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும் என்று எழுந்து போவான். அப்புறம் காலில் விழுந்துதான் கூட்டி வர வேண்டும். விழுந்தால் விலை நாற்காலி. பன்னிரண்டாவது வாரம், டாக்டர் அறையில், இருவரின் தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் பிடித்தால் எங்கே போவான்? மானத்துக்குப் பயந்து ஒரு மாதம் ஒழுங்காக ஓடுவான், ஈரலைச் சும்மா தருவான், மண்டியையும் நாற்காலியையும் அண்ணி பேருக்கு எழுதும் தாளில் சாட்சிக் கையெழுத்தும் போடுவான். அந்த ஒரு மாதத்தை டாக்டரிடம் பேசி வாங்கிவிடலாம். பேசி வாங்க முடியாதது என்று எதையும் அவர் இதுவரை பார்த்ததில்லை.

ஆறாவது வாரம் டாக்டரே கூப்பிட்டார். நடுவில் ஒருமுறை தம்பிக்குப் படம் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், பையன் நன்றாக ஓடுகிறான், கண்ணு பட்டுவிடப் போகிறது என்று பெரியவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அன்றைக்கு அண்ணி சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அது மூட்டை இல்லைங்க. உங்க உசிரு."

"அதுக்குத்தான்டி வெலை பேசிட்டிருக்கேன்."

அடுத்த வாரம், சின்னவர் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, படி படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மாடி ஏறினார். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, தரையில் கோழி எலும்புகள் மடித்த காகிதம், தண்ணீர் தெளிக்க ஒரு சொம்பு. மூலையில் கான்வாஸ் ஷூ இரண்டும் தூசி படிந்து கிடந்தன. சட்டைப் பையிலிருந்து காம்போடு இரண்டு நீள மிளகாயை எடுத்து, ஒவ்வொரு ஷூவின் நுனியிலும் ஒன்றை நுழைத்துவிட்டு இறங்கினார். மாடி ஏறி இறங்கிய களைப்பில் அன்று பகல் முழுவதும் வாந்தி.

அதன்பின் அவர் உடம்பு வேகமாக இறங்கியது. கண் மஞ்சளித்தது, கை சுள்ளியானது, வயிற்றில் மட்டும் நீர் கோத்துக்கொண்டு முட்டியது. ஒருநாள் ஏதோ நினைப்பில் தராசில் ஏறிப் பார்த்தார். பட்டினி கிடக்கிறவனுக்கு ஆறு கிலோ கூடியிருந்தது. இருபது வருஷமாக ஈர மூட்டை பிடித்தவர், அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மேலே மிஷின் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் மேலே கேட்டிருக்கும். கொடுக்கவில்லை. இன்னும் மூன்றே வாரம்தானே.

பன்னிரண்டாவது வாரம் வந்தது. டாக்டர் அறையில் ஐந்து பேர். பெரியவர் சக்கர நாற்காலியில், மடியில் ஒரு துணிப்பை. சின்னவரின் புதிய படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், முப்பத்தொன்று என்றார். மூன்று கூடியிருந்தது. தாய்மாமன் உச்சுக் கொட்டினார். சின்னவர் தயாராக வைத்திருந்ததை எடுத்துவிட்டார். தான் ஒரு நாள் விடாமல் ஓடியதையும், கார்டியோவைப் பற்றி உலகத்தில் இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும், தன் உடம்பு வாகையும் சொல்லி, கடைசியில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர் முழுவதையும் கேட்டார். பிறகு பையிலிருந்து ஷூ இரண்டையும் எடுத்து டாக்டர் மேசை மேல் கவிழ்த்துத் தட்டினார். இரண்டு மிளகாய் விழுந்தன. முழுசாக, காம்போடு.

"அஞ்சு வாரமா உள்ள இருக்கு மாமா. இந்த ஷூவப் போட்டுத்தான் உங்க மருமகன் தெனமும் ஓடினாரு."

ஒன்றை எடுத்து முறித்தார். படக். அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது. தாய்மாமன் தன்னை மறந்து சிரித்துவிட்டார். சட்டையில் உப்பில்லாத கதையையும் பெரியவர் சொன்னார், தலையில் தூள் விழாத கதையையும் சொன்னார். சின்னவரின் முகம் போன போக்கை அவர் ரசித்த மாதிரி தன் கல்யாணத்தைக்கூட ரசித்திருக்க மாட்டார். அந்த ஐந்து நிமிஷம் மஞ்சள் கண்ணிலும் ஒரு பளபளப்பு இருந்தது.

டாக்டர் மட்டும் மிளகாயைப் பார்க்கவில்லை. இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

"அஞ்சாவது வாரமே தெரியும்," என்றார் பெரியவர், பெருமையாக.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஓட்டம் தொப்பையைக் குறைக்கிறதா இல்லையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். வாயைக் கட்டாவிட்டால் எடை பெரிதாக இறங்காது என்பதும் நிஜம்தான். ஆனால் நிஜமாக ஓடுகிறவனுக்கு எடைமுள் அசையாவிட்டாலும் ஈரலில் இருக்கிற கொழுப்பு குறைய ஆரம்பித்துவிடும். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏழு வாரம் கையில் இருந்தது; எதிரில் ஒரு ஆளை நிறுத்தி ஓட வைத்திருப்பேன், சாப்பாட்டையும் கட்டியிருப்பேன், ஏழு வாரம் போதும் என்றார். பிறகு காலையில் வந்த ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பி வைத்தார். பெரியவரின் சிறுநீரகம் நிற்கத் தொடங்கிவிட்டது. பத்து நாள் என்றார்.

"ஒரு மாசம் வெச்சுக்கங்க," என்றார் பெரியவர். பழக்கம்.

"இதுல கூட்டிக் கொறைக்க என்கிட்ட ஒண்ணுமில்லைங்க."

மிளகாய் நெடியில் தாய்மாமன் ஒரு தும்மல் போட்டார். சின்னவர்தான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"தெரிஞ்சும் பேசாமயா இருந்தீங்கண்ணே? அன்னிக்கே ஒரு அதட்டு அதட்டியிருந்தா ஓடியிருப்பேனே."

பெரியவர் தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தார். எத்தனையோ மூட்டையைத் தொட்டுப் பார்த்தே ஈரம் சொன்னவருக்கு, இது நனைந்ததா காய்ந்ததா என்று தெரியவில்லை. மேசையில் மிச்சமிருந்த மிளகாயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாவது நாள் போய்ச் சேர்ந்தார். அதற்குள் நாற்காலியை அண்ணி பேருக்கு எழுதிவிட்டார். தாய்மாமன் முன்னால் சின்னவர் தலை நிமிராமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பைசா விட்டுக்கொடுக்காமல் பேரத்தை முடித்த திருப்தி செத்த முகத்திலும் இருந்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

சின்னவரை டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, முப்பத்தொன்றை நாற்பதாக்கினால் உங்களுக்கு ஈரல் கொடுக்க யாரும் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மேலே தொம் தொம் என்று கேட்டது. அடுத்த நாளும் கேட்டது. கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணியின் தலையில் மிளகாய்த் தூள் உதிர்ந்தது, வியாபாரிகள் தும்மினார்கள். அவள் தலையைத் தட்டிக்கொள்வதில்லை.

பன்னிரண்டு வாரம் கழித்துச் சின்னவர் ஒரு தாளோடு இறங்கி வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணில் கரித்துக் கண் சிவந்திருந்தது. தாளை அவள் முன்னால் இரண்டு கையாலும் வைத்தார்.

"ஒம்போதுக்கு வந்துருச்சு அண்ணி."

எதிரே ஒரு வியாபாரி மிளகாய் சாம்பிள் கேட்டு நின்றிருந்தார். அண்ணி தாளை எடுத்து, அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு அதைச் சுருட்டிக் கூம்பாக்கி, ஒரு கை மிளகாய் அள்ளிப் போட்டு, வாயை மடித்து வியாபாரியிடம் நீட்டினாள்.

"ஓடினா கொறையும் போல," என்றாள் சின்னவரிடம். "போய் மூட்டையை இறக்கு."