மார்ல்ஹாம் வேட்பாளர் கொடுத்த சான்று

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். அதனால் திட்டு வாங்கியவனும் நான்தான். "யாங்கூன் டவுன் நடுவுல, பபேடான்ல பொறந்து வளந்த பொண்ண பட்டிக்காட்டுக்கா குடுக்கச் சொல்ற, நல்லையா?" என்று என் அக்கா அம்சா ஒரு வாரமாக என்னைத் துவைத்து எடுத்தாள்.

பட்டிக்காடுதான். ஆனால் இங்கிலாந்துப் பட்டிக்காடு. மார்ல்ஹாம் தொகுதி என்று பெயர். கண்ணுக்கெட்டிய வரை வயல், நடுநடுவே பங்களா, பங்களாவுக்கு மூன்று கார். அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் சுரேந்திரனிடம் மட்டும் கார் கிடையாது. அக்கா மகள் லதா மூன்று மாதமாக அவனோடு வைபரில் பேசுகிறாள். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். அக்கா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் பேசினோம். வழக்கம்போல் கரண்ட் இல்லை.

"தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு வார்டு ஆபீஸ் தௌக்கன்சா வேணும்," என்றாள் அக்கா. யாங்கூனில் அந்தச் சான்றுக் கடிதம் இல்லாமல் வீடுகூட மாற முடியாது.

"இங்க வார்டு ஆபீஸே இல்லையே அத்தை," என்று சுரேந்திரன் விழித்தபோது அவன் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். சேறு அப்பிய பூட்ஸோடு ஒரு பெரியவர் நின்றார்.

"யாரு, தோட்டக்காரரா?"

"பாராளுமன்ற வேட்பாளர் அத்தை. ஓட்டுக் கேட்டு வந்திருக்கார்."

அக்கா விடுவாளா? "அப்ப அவர்கிட்டயே கேட்டுருவோம்."

லதாதான் இங்கிலீஷில் கேட்டாள். பதிலையும் அவளே சொன்னாள். "ஓட்டுக் கேட்டு நாலு தடவை வந்திருக்காராம். எப்பவும் சுரேந்திரன் தனியாத்தான் இருப்பாராம். ஒரு நாளைக்கு ரெண்டு பஸ்தான் வருதுன்னு ஊர்ல சண்டை போடுறது இவர் ஒருத்தர்தானாம்."

"ரெண்டே பஸ்ஸா?" அக்காவின் முகம் சுருங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"புருஷனோட சண்ட வந்தா எம்பொண்ணு எதுல ஏறி வருவா?" கேட்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. பட்டிக்காடு, தௌக்கன்சா எல்லாம் சும்மா. இத்தனை நாளாக அவளை அரித்தது இந்தப் பயம்தான். எனக்குப் பாவமாக இருந்தது.

லதா அதையும் அப்படியே அவரிடம் சொன்னாள். நாளைக்கே பத்து பஸ் விடுகிறேன் என்று அந்த மனிதர் அளந்திருக்கலாம். அளக்கவில்லை. தன் படம் போட்ட நோட்டீஸின் பின்பக்கம் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். லதா எப்போது கூப்பிட்டாலும் தன் காரில் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடுவாராம். கீழே போன் நம்பர். சுரேந்திரனே அதைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினான்.

அக்கா அதை லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

அடுத்த வாரம் தேர்தல் முடிவு வந்தது. ஆள் தோற்றுப்போனார். தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னேன். முகூர்த்தம் பார்த்துக்கொண்டிருந்தவள் பஞ்சாங்கத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"தோத்தா என்னடா? கார் இருக்குமில்ல?"