நிலவறைக்கு மேலே கீரைப் பாத்தி

அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்த காலையில் லெமுவெல் காப்பிக் கோப்பையோடு ஜன்னல் பக்கம் வந்தபோது தெருவின் எதிர்ப்பக்கத்துச் சர்ச் தோட்டம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு வீட்டின் அளவுக்கு மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. முன்பக்கம் சின்னதாக ஒரு துருத்தல். அது வாசல்படி. இடது பக்கம் கூடம். பின்னால் மூலையில் சமையலறை. அளந்து கோடு போட்டாற்போல் இருந்தது. காப்பியை அப்படியே கழுவுதொட்டியில் ஊற்றினார்.

மூன்று வருஷமாகவே அந்த மண் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. முதல் வருஷம் தட்டைப்பயறு ஒரே நேர்கோட்டில் மட்டும் முளைக்காமல் போனது. விதை சொத்தை என்றார்கள். அங்கேதான் முன்சுவர். அடுத்த வருஷம் பின்மூலையில் கீரை இடுப்பு உயரத்துக்கு வளர்ந்தது. கர்த்தர் ஆசீர்வாதம் என்று சர்ச் பெண்கள் கை தட்டிப் பாடினார்கள். லெமுவெல் அந்தக் கீரையில் ஒரு இலைகூட வாயில் வைக்கவில்லை. பல் சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

டெட்ராய்டின் கிழக்குப் பக்கத்தில் அந்தத் தெருவில் இப்போது ஒன்பது வீடுகள்தான் நிற்கின்றன. ஒரு காலத்தில் அறுபது இருந்தன. பாதியை இடித்தது லெமுவெல். பொக்லைன் ஓட்டினார், வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, காலி வீட்டுக்குள் போய், நிலவறைப் படியின் தலையில் நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். குளிர்காலத்தில் வீடில்லாதவர்கள் கீழே பழைய கொதிகலன் பக்கம் சுருண்டு கிடப்பார்கள். எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாவிட்டாலும் எல்லாரும் செய்தார்கள்.

எதிரே தோட்டம் இருக்கிற இடத்தில் நின்ற அந்த வீட்டுக்கு மட்டும் அவர் இறங்கவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், ஐஸ் மழை, அன்றைக்கு நாலு வீடு முடிக்க வேண்டும், கான்ட்ராக்டர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டு நின்றான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு வீட்டை அதன் நிலவறைக்குள்ளேயே தள்ளி, இரண்டடி மண்ணைப் போட்டு மூடினார். கடைசிச் சுவர் விழும்போது ஏதோ கேட்டது. எஞ்சின் சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு தோட்டம் போட மானியத்துக்கு எழுதிப்போட்டது சர்ச் சமையலறையை நடத்துகிற ஆர்னெட்டா. அவள் இந்தத் தெருவுக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்புதான் வந்தாள். ஏழை ஜனங்கள் தாங்களே விளைவித்துச் சமைத்துச் சாப்பிட அரசாங்கம் பணம் தருகிறது என்று ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு லெமுவெல் வீட்டுக்கு வந்தாள்.

"பிரதர் லெம், இந்தத் தெருவுல உங்களவிடப் பழைய ஆள் யாரு இருக்கா? அந்த மனையில வீடே இருந்ததில்லன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"கவர்மென்டுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? அவன் என்ன என் மாமனா மச்சானா?"

"வீடு இருந்த மண்ணுன்னா விஷம் கலந்திருக்கும், முழுசாத் தோண்டி மாத்தணும்கிறான். அதுக்கு நாம எங்க போறது? காசு வராது. சர்ச்சுக்குச் சாப்பிட வர்ற நாப்பது பேரும் புதன்கிழமை எங்க போவாங்க?"

நகராட்சிக் காகிதத்தில் அந்த மனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லெமுவெல் போட்டார். தோண்ட மாட்டார்கள் என்பதற்காகத்தான் போட்டார். அந்த நாற்பது பேருக்காகப் போட்டார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அடுத்த மூன்று வருஷத்துக்கும் பணம் உண்டா இல்லையா என்று பார்க்க இன்றைக்கு அரசாங்கத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. பதினோரு மணிக்கு வந்தாள், மார்லிஸ் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். சர்ச்சின் பக்கவாசலில் சாப்பாட்டு வரிசை தோட்டத்து வேலி ஓரமாக நீண்டிருந்தது. லெமுவெலும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவைத் தாண்டி வந்ததே அவருக்கு அதிசயம்.

"வாஷிங்டனே வந்திருக்குப்பா," என்றான் வரிசையில் நின்ற ரூஃபஸ். "ஆர்னெட்டா, இன்னிக்காவது சோளரொட்டியக் கருக்காம எடு."

"உனக்கு வெச்சிருக்கறது மட்டும்தான் கருகும்," என்றாள் ஆர்னெட்டா, கரண்டியோடு வெளியே வந்து. வரிசை சிரித்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் மாட்டிய ஒரு பெண் சிரித்து இருமினாள்.

மார்லிஸ் கறுத்த மண்ணின் விளிம்பில் நின்றுவிட்டாள். "இங்க மட்டும் ஏன் பனி நிக்கல?"

"உரச் சூடுங்க மேடம்," என்றாள் ஆர்னெட்டா.

"உரம் இப்படி மூலை மூலையாவா சுடும்?" மார்லிஸ் மூக்கைத் தூக்கி முகர்ந்தாள். "வெங்காயம் வதக்கறீங்களா? நல்ல வாசனை."

ஆர்னெட்டா சர்ச் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரூஃபஸ்தான் சொன்னான், "உள்ள வெங்காயமே இல்லீங்க. போன வாரமே தீந்து போச்சு."

லெமுவெலுக்கும் அந்த வாசனை வந்துகொண்டிருந்தது. காற்று சர்ச் பக்கமிருந்து வீசவில்லை. பின்மூலையில் இருந்து, கீரை நின்ற இடத்திலிருந்து, தரையோடு தரையாக வந்தது.

மார்லிஸ் காகிதத்தைப் புரட்டினாள். "கையெழுத்துப் போட்டவர் நீங்கதானே? இங்க வீடு எதுவும் இருந்துச்சா, சார்?"

அவர் வரிசையைப் பார்த்தார். எல்லாரும் தட்டைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். உள்ளே தட்டு நிறையும். மூன்று வருஷம் நிறையும். வாயைத் திறந்தார்.

"இருந்துச்சு. நான்தான் இடிச்சு உள்ள தள்ளுனேன்."

"பிரதர் லெம்," என்றாள் ஆர்னெட்டா. பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக்கொண்டு, "மூணு வருஷம் வாய மூடிட்டு இருந்தீங்களே. இன்னும் ஒரு மணி நேரம் மூடிட்டு இருக்கக் கூடாதா?"

"உள்ள யாரும் இல்லன்னு பார்த்துட்டுத்தானே தள்ளுனீங்க?" என்று மார்லிஸ் கேட்டாள். சும்மா, காகிதத்தில் குறிக்கிறதற்காகக் கேட்டதுதான்.

லெமுவெல் வேலிக் கம்பியை விடவில்லை. ஆர்னெட்டா அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டி தாழ்ந்தது.

மார்லிஸ் வண்டியிலிருந்து மண் குத்திப் பார்க்கிற இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தாள். மார்பு உயரம், மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. கறுப்பு மண்ணின் நடுவில் ஊன்றினாள். இரண்டடியில் செங்கல் தட்டும் என்று லெமுவெல் காத்திருந்தார். அவர் கையால் நிரப்பிய குழி, அடைத்த செங்கல், உத்தரம், ஓடு எல்லாம் அவருக்குத் தெரியும். கம்பி எதிலும் தட்டவில்லை. தயிரில் கரண்டி இறங்குவதுபோல, கைப்பிடி ஒரு சாண் மட்டும் வெளியே தெரிகிறவரை இறங்கியது.

"உள்ள வெத்திடமா இருக்கே," என்றாள். பிடியை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்து பேனாவை எடுத்தாள்.

ஆக்ஸிஜன் உருளையின் சீறல் மட்டும் கேட்டது. கம்பியின் பக்கத்தில் யாரும் இல்லை. லெமுவெல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்குப் பிடி முதலில் தெருவைப் பார்த்துத்தான் நின்றது. பிறகு அது கொஞ்சம் திரும்பியது, நின்றது, மறுபடி கொஞ்சம் திரும்பியது, பூட்டியிருக்கிறதா என்று உள்ளேயிருந்து ஒருவர் கதவுப் பிடியை மெதுவாகத் திருகிப் பார்க்கிற மாதிரி.