கண்ணாடிக்காரரின் தலைவலி

கடையிலிருந்த கண்ணாடிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தன. சுவரில் மாட்டியவை, சாய்த்து வைத்தவை, மேஜையில் பாதி அறுபட்டுக் கிடந்தது என்று ஒன்று பாக்கியில்லை. தெருவில் லாரி எதுவும் போகவில்லை, நிலமும் ஆடவில்லை. சத்தம் அடங்கியபோது கண்ணாடிக்காரரின் தலைவலி உள்ளே வந்து, அவருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. நேரில் பார்த்தால் முக்காலி காலி. கண்ணாடிக்குள் பார்த்தால் சாம்பல் நிற உடையில் ஒரு பெண், இடுப்பு வரை கூந்தல், தன் இரண்டு விரல்களை அவருடைய இடது நெற்றிப்பொட்டில் வைத்து நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு அளவு கொடுக்க வந்திருந்தவர் அவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தடித்த கண்ணாடி விலை ஏறிவிட்டதா என்று கேட்டார். ஏறித்தான் இருந்தது.

தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. தலைவலி மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வந்தது. வரும் நாளில் அவருடைய கண்ணோரத்தில் வெளிச்சம் ரம்பப் பல்லாக மின்னும். பிறகு கண்ணாடிகள் கிணுகிணுக்கும். அவர் கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளியுடன் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். நிலைக்கண்ணாடி வாங்க வந்த ஓர் அம்மாள், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள், என் முகமே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்கு மேல் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை, அவர் மனைவியைத் தவிர.

மனைவி அதே தெருக்கோடியில் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டைக் கொடுக்க வந்தவள் கண்ணாடியில் அந்த விரல்களைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அவள் அதே நெற்றியில் தைலம் தேய்த்திருக்கிறாள். தேய்க்க ஆரம்பித்த உடனேயே போதும் விடு என்று கையைத் தட்டிவிடுகிற மனிதர். இங்கே அசையாமல் அல்லவா உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள்.

"யாரு அவ?"

"தலைவலிடி. இதுக்கு மேல என்னத்தைச் சொல்ல?"

"தலைவலிக்கு எதுக்கு அவ்வளவு நீளத்துக்கு முடி?"

நான் கண்ணையே திறக்கவில்லை, முடியை எங்கே பார்த்தேன் என்றார் கணவர். அவள் நம்பினாள். ஆனாலும் நம்பிக்கை வேறு, பொறாமை வேறு. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஆயுதத்துக்கா பஞ்சம்? அலமாரியில் இருந்ததிலேயே வீரியமான மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் கண்ணாடிக்குள் இருந்தவள் எழுந்து, உடையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். மனைவிக்குப் போட்டியில் ஜெயித்தது போலிருந்தது. போனவளை மறுபடி வரவிடாமல் செய்தால் என்ன என்று யோசித்தாள். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவாளே. வெள்ளம் வருமுன் அணை போட்டாள். காலையில் பல் விளக்கியதும் ஒன்று. கடையில் கூட்டம் அதிகமென்றால் மதியம் ஒன்று. சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதென்றால் வழித்துணைக்கு ஒன்று. கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும், வலிக்கிறதென்று தொடர்ந்து போடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது ஊருக்கு உபதேசம்.

அணை போடப்போட வெள்ளம் பெருகியது. தலைவலி வாரத்துக்கு இரண்டு நாள் வந்தது. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். அந்த வருஷக் கடைசியில் பெட்டி படுக்கை இல்லாத குறையாக வீட்டுக்கே குடிவந்துவிட்டது. கூடத்துக் கண்ணாடியில் இருந்தாள், குளியலறைக் கண்ணாடியில் இருந்தாள், கரண்டியின் பின்பக்கத்தில்கூடக் கொஞ்சம் கோணலாக இருந்தாள். கட்டிலில் கணவருக்கு இடப்பக்கம் ஒரு பள்ளம் விழுந்து, உதறினாலும் நிமிரவில்லை. கணவர் நாளுக்கு நாள் ஈர்க்குச்சியாக இளைக்க, வந்தவள் பூசினாற்போல் ஆகிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் மினுமினுப்பு வேறு. கண்ணாடிக்காரர் அறுத்த கோடுகள் வளைந்தன. வளைந்த கண்ணாடிகள் சட்டத்தில் உட்காராமல் திரும்பி வந்தன.

இதற்கு நடுவில் நாத்தனார் வந்தாள். தம்பி மெலிந்ததைப் பார்த்து மூக்கைச் சிந்திவிட்டு, முகம் துடைக்கக் கூடத்துக் கண்ணாடி முன் நின்றவள், வெகுநேரம் உள்ளே பார்த்தாள்.

"பரவாயில்ல, உன்னைவிடக் கொஞ்சம் லட்சணமாத்தான் இருக்கா," என்றாள்.

அன்றைக்குக் கணவருக்கு ஒரு மாத்திரை கூடுதலாக விழுந்தது.

கடைசியில், அவருடைய கை தவறி உள்ளங்கையைக் கண்ணாடி கிழித்த பிறகுதான், தலைவலிக்கென்றே இருக்கும் டாக்டரம்மாவிடம் போனார்கள். கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியை டாக்டரம்மா ஒருமுறை பார்த்தார். மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை என்று கேட்டார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை, வலி வருவதற்கு முன்பே கொடுத்துவிடுவேன் என்றாள் மனைவி, நல்ல மதிப்பெண்ணை எதிர்பார்க்கும் மாணவியைப் போல.

"நல்லா ஊட்டி வளர்த்திருக்கீங்கம்மா," என்றார் டாக்டர்.

"யாரை?"

"அவளைத்தான். எப்பவாவது போட்டா அது மாத்திரை. தினமும் போட்டா அவளுக்குச் சாப்பாடு. மருந்து இறங்க இறங்க அவளுக்குப் பசிக்கும், மறுபடி வந்து உட்காருவா."

மனைவிக்கு அப்போதுதான் விளங்கியது. சக்களத்தியைத் துரத்துவதாக நினைத்துத் தன் கையாலேயே இத்தனை நாள் விருந்து வைத்திருக்கிறாள். அந்த மினுமினுப்பெல்லாம் இவள் கொடுத்தது. டாக்டரம்மா பழைய மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். வலி அடிக்கடி வராமல் தடுக்க வேறு மருந்து எழுதினார். அது வேலை செய்ய நாளாகும், அதுவரை வலி முன்னைவிட மோசமாகத்தான் இருக்கும், நடுவில் பாவம் பார்த்துப் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள், குணமான பிறகும் மாதத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று எச்சரித்தார்.

கடையை மூடினார்கள். பசித்த தலைவலி வீட்டை இரண்டாக்கியது. ஜன்னல்கள் சாப்பாட்டு வேளை தவறாமல் அதிர்ந்தன. கூடத்துக் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. கணவர் வாளியும் கையுமாகக் கிடந்தார். ஒன்றே ஒன்று கொடு என்று கெஞ்சினார், காலைப் பிடிக்கிறேன் என்றார், கடைசியில் கோபம் வந்து சொல்லக் கூடாததைச் சொன்னார்.

"உனக்கு என் வலி பெருசில்ல. அவ மேல இருக்கிற பொறாமைதான் பெருசு."

அது பாதி உண்மைதான் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் மாத்திரை கொடுக்கவில்லை. கட்டிலுக்குப் போய், இடப்பக்கத்துப் பள்ளத்தில் தானே படுத்துக்கொண்டாள். அந்த மத்தியானம் அலமாரிக் கண்ணாடியில் மூன்று பேர் தெரிந்தார்கள்: ஓரத்தில் கணவர், நடுவில் மனைவி, அந்தப் பக்கம் இடமில்லாமல் ஒருக்களித்துத் தலைவலி. அவருடைய நெற்றியைத் தொடுவதற்கு வந்தவள் கையை நீட்டியபோது அது மனைவியின் தோள்மேல் விழுந்தது. கண்ணாடித் தகட்டைப் போலச் சில்லென்று, கனமாக இருந்தது. மனைவி நகரவில்லை. மறுநாளும் அதே இடத்தில் படுத்தாள், அதற்கு மறுநாளும்.

சில வாரங்களில் வந்தவளின் கன்னம் ஒட்டியது. பள்ளம் மெல்ல நிமிர்ந்தது. தலைவலி தன் பழைய ஒழுங்குக்குத் திரும்பி, மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் கடைக்கு வந்தாள். மனைவி டாக்டர் சொன்ன கணக்குக்கு மேல் போகாமல் ஒரு மாத்திரை கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தாள். பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க அவள் வரவேயில்லை. கண்ணாடிகள் நேராக அறுபட்டன. கணவர் சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முழுதாகத் தனக்கே கிடைத்துவிட்ட மனிதரை மனைவி ஒரு வாரம் கண்குளிரப் பார்த்தாள். தலை வாரும்போது அவர் கண்ணாடியில் தன் தோளுக்குப் பின்னால் பார்ப்பதையும் பார்த்தாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், எதிர்வரிசையில் புதிதாக சலூன் திறந்திருந்தவர் நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு வந்தார். கடைக் கண்ணாடியெல்லாம் கிணுகிணுத்தது என்றார். மனைவி அவருக்கு டாக்டரம்மாவின் விலாசத்தைச் சொல்லி, அள்ளி அள்ளிப் போடாதீர்கள் என்று இந்த முறை மனதாரச் சொல்லி அனுப்பினாள். சந்தோஷம் தாங்கவில்லை. இரவுச் சாப்பாடு வரைக்கும் அடக்கி வைத்திருந்து, பரிமாறும்போது கணவரிடம் அவிழ்த்துவிட்டாள். அவள் இப்போது சலூனில்தான் இருக்கிறாளாம், நாலு பக்கமும் கண்ணாடி, அவளுக்கு ரொம்ப வசதி, இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள் என்றாள்.

கணவர் வாயில் இருந்ததை வெகுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார். விரிசல் விட்ட கூடத்துக் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அவன்கிட்ட அப்படி என்னத்தைக் கண்டா?" என்றார்.