ஆறு வெள்ளி நாற்பது காசுத் தந்தி

சிக்கந்தர் பாயிடம் அர்ஜுனன் பட்ட கடன் ஆறு வெள்ளி நாற்பது காசு. அதில் ஒரு காசுகூடச் சோற்றுக்கோ கள்ளுக்கோ போகவில்லை. முழுதும் ஒரே ஒரு தந்திக்குப் போனது.

கடல் தாண்டி வந்து வெல்ட் கீ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் அர்ஜுனன். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டப் பழகினான். அதனால் பாயின் சாப்பாட்டுக் கடையில் கிடக்கும் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பான். அப்படித்தான் ஒருநாள் மோர்ஸ் அகப்பட்டார். அமெரிக்காவில் படம் எழுதிப் பிழைத்தவர். வெளியூரில் வேலையாக இருந்தபோது வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அவர் போய்ச் சேருவதற்குள் மனைவியைப் புதைத்தே விட்டார்கள். அந்த மனிதர்தான் பின்னால் கம்பியில் செய்தி அனுப்ப வழி கண்டவராம்.

அர்ஜுனன் பத்திரிகையை மடித்து வைத்தான். நாகப்பட்டினத்துப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவன் மனைவி நல்லம்மாள் காய்ச்சலாய்க் கிடந்தாள். சம்பளம் வாங்கிக் கப்பலேற இன்னும் மூன்று வாரம்.

"பாய், ஊருக்குத் தந்தி அடிக்கணும். கடன் குடுங்க."

"என்னய்யா, தொரை ஆயிட்டியா? கடுதாசி போதும்லா."

"கடுதாசி போறதுக்குள்ள அவ போயிருவா பாய்."

சிக்கந்தர் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டுவைத்தார். கப்பலேறி வருகிறேன், மருந்து சாப்பிடு என்று இங்கிலீசில் தந்தி போயிற்று.

கப்பல் நாளன்று, தகரப்பெட்டியோடு அர்ஜுனன் பாய் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். வாசலில் வந்து நின்றான் நல்லம்மாளின் தம்பி நல்லமுத்து. ஊரிலிருந்து கப்பலில் வந்தவனை, தொற்றுநோய்க்குப் பயந்து ஜெரஜாக் தீவில் ஒரு வாரம் முடக்கிவைத்துப் பிறகுதான் விட்டிருந்தார்கள். மொட்டைத் தலை.

"மாமா" என்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என் தந்தி வரலையாடா?"

"மறுநாளே வந்துருச்சு மாமா."

ஊரில் தந்தி என்றால் சாவு. தந்திக்காரன் சைக்கிள் தெருவில் நுழைந்தாலே, பிரிக்கும் முன்பே அழுகை கிளம்பிவிடும். அர்ஜுனனும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் துறைமுகத்தில் அரிசி மூட்டைக்கும் தந்தி, ஈயப் பாளத்துக்கும் தந்தி. பதினைந்து வருஷமாகப் பார்த்ததில் அவனுக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது.

"யாருக்கு இங்கிலீசு தெரியும்? நீங்கதான் போயிட்டீங்கன்னு ஊரே கூடி அழுதுச்சு. அக்கா எந்திரிச்சு உக்காந்து பொட்ட அழிச்சுது. நான் ரயில் டேசனுக்கு ஓடி, டேசன் மாஸ்டர் ஐயருகிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வர்றதுக்குள்ள விடிஞ்சிருச்சு."

"அதுக்கப்புறம்?"

"ராத்திரியே மூச்சு நின்னுருச்சு மாமா. இன்னொரு தந்தி அடிக்க எங்களுக்குக் கை வரல."

கப்பல் ஊதியது. அர்ஜுனன் எழுந்து போய், டிக்கெட் கிடைக்காமல் நின்ற ஒருவனிடம் தன் டிக்கெட்டை வந்த விலைக்குக் கொடுத்தான். திரும்பி வந்து ஆறு வெள்ளி நாற்பது காசை மேசையில் வைத்தான்.

"வேணாம்யா, எடுத்துக்க. அந்தக் காச நான் எப்பவோ விட்டுட்டேன்."

"வாங்கிக்குங்க பாய். தந்திதான் ஒழுங்கா போய்ச் சேந்துச்சே."

சிக்கந்தர் சுவரிலிருந்த கரிக்கோட்டை ஈரத்துணியால் துடைத்தார்.