தண்ணீரில் ஆறும் கொம்பியூட்டர்

எஞ்சின் விஷயத்தில் எங்கள் ஓலைத்தொடுவாய் ஊரில் என்னோடு வாய் கொடுக்க யாரும் வருவதில்லை. இருபது வருடமாகப் படகு எஞ்சின் திருத்துகிறேன். கரையில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டே எந்தப் படகில் என்ன பழுது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்தப் பெருமை என்னிடம் குறையாமல் இருந்தது.

என் மனைவி சுவேதினி, இன்னும் கட்டாத வீடுகளைக் கொம்பியூட்டரில் கட்டுகிறவள். வாசலால் நுழைந்து, அறை அறையாக நடந்து, யன்னலால் கடலைப் பார்ப்பது மாதிரி வீடியோ செய்துகொடுப்பாள். கொழும்புக் கம்பனி ஒன்று அவளிடம் ஒரு ஹோட்டலைக் கொடுத்திருந்தது. மூன்று நிமிட வீடியோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்தால், வீட்டிலிருந்தே செய்கிற நிரந்தர வேலை அவளுக்கு. சேராவிட்டால் வேறு ஆளுக்கு. நாலு வருடமாக அவள் காத்துக்கிடந்த வேலை அது.

இந்த வேலைக்கு, பொடியன்கள் கேம் விளையாடுகிற பெரிய கொம்பியூட்டர்தான் வேண்டுமாம். மூன்று மாதத்துக்கு முன் மன்னார் ரவுணில் றிஸ்லானின் கொம்பியூட்டர்க் கடைக்குப் போனோம். பாகமெல்லாம் பூட்டி முடித்து, கரண்ட் கொடுத்தால் ஓடுகிற இரண்டு பெட்டிகள் அவனிடம் இருந்தன. ஒன்று விசிறிக் காற்றில் ஆறுவது. மற்றது தண்ணீரில் ஆறுவது. தண்ணீர்ப் பெட்டியின் கண்ணாடிக்குள் இரண்டு கறுப்புக் குழாய்கள் வளைந்து போயின, நீல வெளிச்சம் வேறு.

"அண்ணை, காத்தில ஆறுறதை எடுங்கோ," என்றான் றிஸ்லான். "விசிறி பழுதாப் போனா பத்து நிமிசத்தில மாத்தித் தருவன். தண்ணிப் பம்ப் நிண்டா கொழும்புக்குத்தான் அனுப்போணும். லீக் அடிச்சா கதை முடிஞ்சுது."

"எனக்கும் காத்துத்தான் நல்லமெண்டு..." சுவேதினி தொடங்கினாள்.

"சும்மா இரு. காத்தில ஆறுறது புல்லு வெட்டிற மெசின். நாப்பது குதிரைவலு எஞ்சின் என்னத்தில ஆறுது? தண்ணியிலதானே!"

கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆட்கள் தலையாட்டினால் நான் நிற்பாட்டுகிற ஆளா? அரை மணித்தியாலம் றிஸ்லானுக்கு வகுப்பே எடுத்துவிட்டேன். கடைசியில் அவன் கையெடுத்துக் கும்பிடாத குறை. தண்ணீர்ப் பெட்டியை இரண்டு நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். அப்படியே தந்தான். கண்ணாடியின் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அது கிழிந்தால் வாரண்டி போய்விடும் என்று என்னைப் பார்த்து மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒருவரையும் நான் சும்மா விடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, டோர்ச் அடித்துக் குழாயைக் காட்டினேன். தண்ணீர் ஓடுவது தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார்கள். எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது.

சோளகக் காற்றுத் தொடங்கியதும் வீட்டுக்குள் மணலும் உப்பும் வந்து இறங்கின. பெட்டியைப் பார்த்தேன். பின்பக்கமும் அடிப்பக்கமும் முழுக்க ஓட்டை. படகு எஞ்சினின் மூடியை நாங்கள் இறுக்கிப் பூட்டுவோம். கடல் தண்ணீர் ஒரு பக்கத்தால் ஏறி, சூட்டை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் வெளியே பாயும். அதற்குக் காற்று வேண்டியதில்லை. நான் லொறி மெக்கானிக்காக இருந்திருந்தால், ரேடியேட்டரை நினைத்து, தண்ணீரை ஆற்றவும் காற்று வேண்டும் என்று யோசித்திருப்பேன். படகு மெக்கானிக்காகப் போனேன். ஓட்டைகளுக்குப் பிளாஸ்டிக் ரேப் ஒட்டினேன்.

"கொஞ்சம் காத்துப் போகட்டுமன்," என்றாள் சுவேதினி.

"தண்ணியில ஆறுறதுக்கு என்னத்துக்குக் காத்து?"

அவள் தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் ரேப் நிற்கவில்லை. மூன்று தரம் ஒட்டினேன், மூன்று தரமும் கழன்று கிடந்தது. பசை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை பின்னேரம் அவள் மாதா கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போயிருந்த நேரம், படகுக்கு அடிக்கிற சிலிக்கன் பசையை எடுத்து எல்லா ஓட்டையையும் ஒரேயடியாக அடைத்துவிட்டேன். மறுநாள் அவளுடைய பெரிய நாள். என்னால் முடிந்த உதவி.

வெள்ளி காலை பத்தரைக்குக் கொம்பியூட்டர் தானாக நின்றது. வீடியோவை அது படம் படமாகச் செய்து பாதிக்கு மேல் முடித்திருந்தது. திரும்பப் போட்டாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி நின்றது. பெட்டியில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரிச் சுட்டது.  சுவேதினி றிஸ்லானுக்குப் போன் அடித்தாள், அவன் எடுக்கவில்லை.

"நான் ரவுணுக்குப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன். ஜும்மாத் தொழுகை முடியக் கையோட கூட்டிவருவன். நீங்கள் இதைத் தொடாதேங்கோ. மாதாவாணை, தொடாதேங்கோ!"

ஓம் என்றேன். அவள் போய்ப் பத்து நிமிடம் கதிரையில் இருந்து பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை. பழுது என்னவென்று எனக்குத் தெரியுமே! உப்பு. கடலால் வந்த ஒவ்வொரு எஞ்சினையும் நல்ல தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கிப் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுவோம். இந்தக் குழாயை மூன்று மாதமாக ஒருக்காலும் கழுவவில்லை. அடைக்காமல் என்ன செய்யும்? ஆறு மணி அவளுக்காக நின்று தரப்போவதில்லை. ஸ்டிக்கரைக் கிழித்தேன், கண்ணாடியைக் கழற்றினேன், கீழே ஒரு பேசினை வைத்தேன், பிளேட்டால் குழாயை வெட்டினேன்.

ஒரு சொட்டு விழவில்லை.

மற்றக் குழாயையும் வெட்டினேன். அதுவும் காய்ந்து கிடந்தது. வாயை வைத்து ஊதினேன், காற்றுப் போகவில்லை. பிடித்து இழுத்தேன். பசை போட்டு ஒட்டியிருந்த முனை அப்படியே கழன்று கையோடு வந்தது. அதன் பின்னால் ஒரு கறுப்பு மூடி. மூடிக்குள் அலுமினியத் தகடுகளும் ஒரு விசிறியும் இருந்தன.

 கதிரையில் போய் உட்கார்ந்தேன். மூன்று மாதம்! டோர்ச் அடித்து ஊருக்கெல்லாம் காட்டிய தண்ணீர்! அது ஓடுவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேனே. திகைப்பு இறங்க, பின்னால் கோபம் ஏறியது. றிஸ்லானின் சட்டையைப் பிடித்து இந்தக் குழாயை எங்கே செருகுவது என்று யோசித்தபடி வாசலில் நின்றேன்.

ஒன்றரைக்கு அவனுடைய ஓட்டோ வந்தது. முன்னால் அவன், பின்னால் சுவேதினி.

"டேய் கள்ளா!" குழாயை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினேன். "இதுக்குள்ள தண்ணி எங்கையடா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவேதினியைப் பார்த்தான்.

"அவனைப் பேசாதேங்கோ," என்றாள் அவள். "காத்துப் பெட்டியைத் தந்து, குழாயை ஒட்டிவிடச் சொன்னது நான்தான்."

என் கை ஆட்டினபடியே நின்றுவிட்டது. அவள் என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். றிஸ்லான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"யா அல்லாஹ்! இதை ஆர் அடைச்சது?"

  சுவேதினி சிலிக்கனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு குசினிக்கு ஓடிக் கத்தி எடுத்துவந்தாள். இரண்டு பேருமாகக் கீறி உரித்தார்கள். நான் மேசை விசிறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு வேலைக்கு என்னை அவர்கள் கூப்பிடவில்லை.

இரண்டு மணிக்குக் கொம்பியூட்டரைப் போட்டார்கள். விட்ட இடத்திலிருந்து ஓடியது. ஒருவரும் சாப்பிடவில்லை. ஐந்தேகாலுக்கு வீடியோ முடிந்தது. ஆறுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது அது கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததென்று திரையில் காட்டியது. சுவேதினி மேசையில் தலையை வைத்து அழுதாள். றிஸ்லான் சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன். வெட்கம் ஒரு பக்கம். மற்றப் பக்கம் எனக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதை விட மனம் வரவில்லை.

"உள்ளுக்குள்ள விசிறியெண்டு சொல்லியிருந்தா நான் அடைச்சிருப்பனா?"

"ஓம். அது என்ர பிழைதான்," என்றாள். "ரேப்பைக் கழட்டினதும் நான்தான். உங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு நேரம் இருக்கேல்லை. எனக்கு மெசின் வேணும், உங்களுக்குத் தண்ணி வேணும். ரெண்டையும் தந்தன்."

அவள் குரலில் கோபமே இல்லை. அரிசி முடிந்துபோனதைச் சொல்கிற குரலில் சொன்னாள்.  இந்த வீட்டில் நான் வென்ற வழக்கெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வரத் தொடங்கின.

"வேற என்னென்னத்தில இப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டேன்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"எந்த வருசத்திலயிருந்து கேக்கிறியள்?"

நாங்கள் கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடம்.