பதினான்காம் எண் கதவு

கிரீட் உள்ளிருந்து நுழைத்த சாவி முன்கதவின் துளைக்குள் ஓசையின்றி இறங்கியது. சனிக்கிழமைதோறும் அதற்கு எண்ணெயிட்டுத் துடைத்த கை, அவளுக்குப் பின்னால், சவப்பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தது.

"பதினொரு மணிக்குத் திறந்தாகணும்மா. பள்ளிக்கூடப் பசங்க பஸ்ல வர்றாங்க," என்றார் அருங்காட்சியகச் சங்கத்தின் தலைவர் தெக்கர்.

"அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் கதவு வழியாப் போகணும்னு."

"தெரியும். ஆனா..."

அந்த ஊர்ப் பண்ணை வீடுகளில் முன்கதவு இருமுறைதான் திறக்கும்: மணப்பெண் உள்ளே வர, பிணம் வெளியே போக. மற்ற நாளெல்லாம் தொழுவத்துப் பக்கம்தான் வழி. கிரீட்டின் அம்மா ஆஃப்யே இக்கதவால் வந்தாள், இக்கதவாலேயே போனாள். மனைவி போன வழியில் தானும் போகவேண்டும்: அப்பா சைமென் கேட்ட உரிமை அது ஒன்றே. வேறெதைக் கேட்டார் அந்த மனிதர்? பிறந்த வீட்டையே அருங்காட்சியகமாக்க ஊருக்குக் கொடுத்தார். படுத்த கட்டிலுக்கு எண் ஒட்டினார்கள், பொறுத்தார். ஆஃப்யே தைத்த திரைக்கு முன்னே கயிறு கட்டினார்கள், பொறுத்தார். 'தொடாதீர்கள்' என்ற பலகை வந்தவர்க்கு மட்டுமா? வாழ்ந்தவர்க்கும்தான்! அவருக்கென்று பின்கட்டில் ஓர் அறை, அதுவும் உயிருள்ளவரை.

சாவி திரும்பியது. கதவு திறந்தது. வெளிச்சம் வரவில்லை.

செங்கல். மேலிருந்து கீழ்வரை செங்கல். தெருவிலிருந்து பார்ப்போர்க்கு ஒரு பச்சைக் கதவு, உள்ளிருந்து பார்ப்போர்க்கு ஒரு கதவு, நடுவே சுவர்.

கிரீட் சுவரைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

"எப்போ?"

"பதிமூணு வருஷமாச்சு. ஈரக்காத்து பட்டு அலமாரியெல்லாம் சாயம் உரிஞ்சுது. நிபுணருங்க வந்து பாத்துட்டு, அடைச்சிடுங்கன்னாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

தெக்கர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "சம்மதம்னு கையெழுத்துப் போட்டதே அவர்தான். மககிட்டச் சொல்லாதேன்னார்."

"போன மாசங்கூட போன்ல கேட்டாரே! 'சாவிய நீதான் திருப்பணும்'னு..."

தெக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெட்டி தூக்க வந்த ஆறு பேரில் மூத்தவர், பக்கத்துப் பண்ணைப் பீத்தர், மெல்ல இருமினார். "சரி, டிக்கெட் மேசைப் பக்கமாப் போவோம். சைமென் ஒரு நாளும் டிக்கெட் எடுத்ததில்ல. இன்னிக்கு மட்டும் எடுக்கப்போறானா?"

ஒருவரும் சிரிக்கவில்லை, சொன்னவரும்.

பெட்டி, அஞ்சலட்டைத் தாங்கிகளை உரசிக்கொண்டு, பார்வையாளர் வாசலைக் கடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகளை ஆசிரியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார்.

"கிரீட், வாம்மா!" வெளியே பீத்தரின் குரல்.

அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியைக் கறுப்புச் சட்டையின் கையில் இருபுறமும் துடைத்தாள். கதவுக்கென்று ஒட்டியிருந்த பதினான்காம் எண்ணுக்குக் கீழிருந்த ஆணியில் மாட்டினாள். அது ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை ஒரு விரலால் பிடித்திருந்தாள்.